ஞாயிறு மட்டும்

வாய்ப்புண்ணுக்கு மோர். வெயில் காலத்தில் யார் வந்து கேட்டாலும் ஆவுடைச்செல்வி சொல்லும் பதில் அதுதான். பன்னிரண்டரை மணிக்குப் பேச்சித்தாய் வந்து கேட்டபோதும் அதைத்தான் சொன்னாள், சொல்லிக்கொண்டே பின்பக்க அலமாரிக்குக் கையை நீட்டி, திரும்பிப் பார்க்காமலே களிம்பு ட்யூபை எடுத்து வைத்தாள். இருபத்திரண்டு வருஷமாக அதே கடை, அதே அலமாரி, கைக்குக் கண் வேண்டியதில்லை. "எனக்கில்லக்கா, பக்கத்து வீட்டுக் குருவம்மாக்கு," என்றாள் பேச்சித்தாய். "நாலு நாளா சோறு எறங்கல. கஞ்சியக் குடுத்தாக்கூட எரியுதுன்னு தள்ளி வச்சிருதா." சூடுதான், மோர் குடிக்கச் சொல்லு, ரெண்டு வேளை தடவச் சொல்லு என்றாள் ஆவுடைச்செல்வி. பேச்சித்தாய் போய்விட்டாள். ஒன்றரை மணி பஸ்ஸும் வந்து நின்று, யாரும் இறங்காமல், யாரும் ஏறாமல், கதவைத் தட்டிக்கொண்டு கிளம்பிப் போயிற்று. புழுதி அடங்கிய பிறகும் 'கஞ்சியக் குடுத்தாக்கூட எரியுது' என்ற அந்தப் பேச்சு மட்டும் மீன்முள் மாதிரி அவளுக்குள் எங்கோ நின்றுகொண்டிருந்தது. ஏன் நிற்கிறது? வெயிலுக்கு ஊரில் பாதிப் பேருக்கு வாய் வெந்துதான் கிடக்கிறது. போன வாரம் தபால்காரர் கேட்டார், அதற்கு முந்தின நாள் சத்துணவு ஆயா. அவர்கள் பேச்செல்லாம் நிற்கவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்தாள். புளிச்சோறு. இரண்டு கவளம் தின்றதும் அவள் வாயே எரிகிற மாதிரி இருந்தது. மூடி வைத்துவிட்டாள்.

கணவர் சரக்கெடுக்க ராஜபாளையம் போயிருந்தார், சாயந்திரம்தான் வருவார். நொச்சியூத்துக் கடைத்தெருவில் இந்த நேரத்துக்கு மளிகைக்கடை, ஜவுளிக்கடை, சலூன் எல்லாம் அடைத்துவிடுவார்கள். மருந்துக்கடை மட்டும் திறந்திருக்கும். மதியம் காய்ச்சல் வராதா, மதியம் பிள்ளைக்கு வயிற்றால் போகாதா என்று கேட்டு முதல் வருஷமே அவள் பிடித்த பிடிவாதம் அது. திறந்து வைத்ததற்கு ஊரும் குறை வைக்கவில்லை. ரத்த அழுத்தம் பார்க்க, பரிசோதனைச் சீட்டை வாசித்துச் சொல்ல, பிள்ளையை எடை போட, ஒன்றும் இல்லாவிட்டால் ஃபேனுக்குக் கீழே சும்மா கொஞ்சம் உட்கார, எல்லாரும் வருவார்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாத பதினோரு பேருடைய இன்சுலின் இவள் கடை ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டிலிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேர் எழுதியிருக்கிறாள். கதவைத் திறந்தால் பதினோரு பேரும் வரிசையாகக் குளிரில் நின்று அவளைப் பார்ப்பார்கள். ஒருநாளும் தோன்றாத நினைப்பு அது, இன்று தோன்றியது. பார்க்கிறார்கள் என்று. அவள் எழுந்துபோய்க் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருதரம் அழுத்திவிட்டு வந்தாள்.

கை சும்மா இருக்க வேண்டாமென்று கவர் கட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மதியத்தில் அவள் செய்யும் வேலை அது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் காகிதக் கவரில் முன்கூட்டியே படம் போட்டு வைப்பாள். கதிரோடு சூரியன் போட்டால் காலை. சோற்றுத் தட்டு என்றால் மதியம். பிறை என்றால் ராத்திரி. கடை ஆரம்பித்த புதிதில் ஒரு கிழவர் சர்க்கரை மாத்திரையை ராத்திரிக்கும் சேர்த்து விழுங்கிவிட்டு விடியும் வரை வேர்த்துக் கிடந்த பிறகு அவளாகக் கண்டுபிடித்த வழி. இப்போது சுற்று வட்டாரத்தில் ஆறு ஊருக்கு அதுதான் எழுத்து. டாக்டர் சொன்னதைக்கூட மறந்துபோவார்கள், செல்வி போட்ட படத்தை மறக்க மாட்டார்கள். அடுப்படி மாடத்தில், சாமி படத்துக்குப் பின்னால், சேலை மடிப்பில், எங்கே பார்த்தாலும் அவள் போட்ட சூரியன். காலை ஏழு மணிக்கு, காப்பி குடித்த கையோடு, இத்தனை வீட்டிலும் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்குகிற சத்தம் கேட்கும். டப். இங்கே ஒரு டப், குளத்தங்கரையில் ஒரு டப், காலனியில் வரிசையாக டப், டப். அவள் சொன்னபடி ஊரே வாயைத் திறந்து மூடுகிறது. இதை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறாள். கணவரிடம் சொல்லிச் சிரித்துமிருக்கிறாள். இன்று அந்தச் சத்தம் மதியம் ஒன்றே முக்காலுக்குக் காதருகே கேட்டது. கூரைத் தகரம் வெயிலில் முறிகிற சத்தமாக இருக்கும். பேனா ஓடிக்கொண்டிருந்தது. வட்டம், சுற்றிக் கோடு, வட்டம், சுற்றிக் கோடு. கைதான் போட்டது, அவள் போடவில்லை. அவள் வேறெங்கோ இருந்தாள். பதினாலோ பதினைந்தோ சூரியன் ஆன பிறகுதான் குனிந்து பார்த்தாள். பார்த்ததும், யாரோ பக்கத்தில் நின்று வாசிப்பது போல, ஒரு சொல் கேட்டது. ஞாயிறு.

ஞாயிறு. சூரியன். ஞாயிறு மட்டும். எங்கே வாசித்தாள் அதை? சீட்டில். குருவம்மாவின் சீட்டில். திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில், நர்ஸ் ஒருத்தி டாக்டரின் கிறுக்கலுக்குக் கீழே அழகான தமிழில் எழுதியிருந்தாள், 'ஞாயிறு மட்டும்' என்று. தீப்பெட்டி ஒட்டி ஒட்டியே ஐம்பத்தெட்டு வயது ஆனவள் குருவம்மா. முடக்குவாதம் வந்து விரலெல்லாம் வேப்பங்குச்சி மாதிரிக் கோணிப்போய், இப்போது ஒட்டவும் முடியாமல் தனியாகக் கிடக்கிறவள். அவளுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு மாத்திரை. பத்து வாரத்துக்குப் பத்து. அடிக்கடி பஸ் ஏற முடியாது, மொத்தமாகக் கொடு என்று கேட்டதால் அட்டை முழுதாகக் கொடுத்தது. மஞ்சள் நிறச் சின்ன மாத்திரை, வாரத்துக்கு ஒன்று போட்டால் மூட்டு இளகும், தினம் ஒன்று போட்டால் எலும்புக்குள் ரத்தம் ஊறுவதே நின்றுபோகும். கல்லூரியில் அந்த ஒரு மருந்துக்காகவே ஒரு முழு வகுப்பு நடந்தது. முதலில் வாய் வேகும் என்றார் வாத்தியார். வாய்ப்புண்தான் முதல் மணியடிப்பு, அது கேட்டும் விழிக்காவிட்டால் அப்புறம் விழிக்க வேண்டியதில்லை. அந்த மாத்திரை யாருக்குக் கொடுத்தாலும் அவள் சிவப்பு மசியில் வாரம் ஒன்று என்று எழுதி, இரண்டு கோடு இழுத்து, வாயாலும் மூன்று தரம் சொல்லுவாள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கூட இருக்கிற ஆளைக் கூப்பிட்டுச் சொல்லுவாள். அன்றைக்குக் குருவம்மாவோடு யாரும் வரவில்லை. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, போன வாரச் செவ்வாய். தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போனை இடுக்கிக்கொண்டு, வராத பார்சலுக்காக யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், பஸ் வேறு ஹாரன் அடித்தது, குருவம்மா பஸ்ஸைப் பார்த்தாள். சீட்டைக் கண் வாசித்தது. கை கவரை எடுத்தது. கை என்ன போட்டது?

எழுதினேன். சிவப்புப் பேனாவைத் திறந்த சத்தம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது சத்துணவு ஆயாவின் கவருக்காகத் திறந்ததோ? 'ஞாயித்துக்கெழம மட்டும்கா, மறந்திராதீங்க' என்று சொன்னது தன் குரலிலேயே கேட்கிறது. தலையாட்டிய முகத்தைத் தேடினால் குருவம்மாவின் முகம் வரவில்லை, போன வருஷம் செத்துப்போன தையல்கார ராமையாவின் முகம் வருகிறது. அவருக்கும் இதே மாத்திரை கொடுத்திருக்கிறாள். அவர் எதனால் செத்தார்? நெஞ்சுவலி. நெஞ்சுவலி என்றுதான் சொன்னார்கள். அவள் மறுபடி செவ்வாய்க்கிழமைக்குள் போனாள், பஸ், ஹாரன், போன், கவர், கவருக்கு மேல் கை, அதற்கப்புறம் அந்த இடத்தில் வெள்ளையாக ஒன்றுமே இல்லை. நான்கு தரம் போனாள். நான்கு தரமும் கவரில் அவளே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எழுத்து போட்டால் எழுத்து தெரிந்தது, சூரியன் போட்டால் சூரியன் தெரிந்தது. எதை நினைத்தாலும் அதுவே நடந்ததாக ஆகிவிடுகிற ஒரு செவ்வாய்க்கிழமை. விரல் விட்டு எண்ணினாள். புதன் காலை ஒன்று. வியாழன், வெள்ளி, சனி. ஞாயிறு ஐந்து. திங்கள், செவ்வாய், நேற்றுப் புதன் எட்டு. இன்று வியாழன். ஒன்பது. வாய் வெந்து நாலு நாள். போனை எடுத்துக் குருவம்மாவின் நம்பரைப் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஒரு மனுஷி எழுந்து வந்து எடுக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிட அதிகமாகப் போயிற்று. நின்றது. மறுபடி போட்டாள். அப்போது கரண்ட் போயிற்று. இத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்ததே தெரியாத ஃபிரிட்ஜின் உறுமல் நின்றுபோய், கடை முழுக்க ஒரு அமைதி வந்து உட்கார்ந்தது. ஃபேன் இறக்கை மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. காதில் மணி மட்டும் போய்க்கொண்டிருந்தது, அடிக்கிற இடத்தில் யாரும் இல்லாத மணி.

அந்த அமைதியில்தான் அது வந்தது. ஒரு குரல் மாதிரிக்கூட இல்லை, ஒரு யோசனை, கணக்காக, நிதானமாக. அந்தக் கவரை மட்டும் வாங்கிவிட்டால் போதும். நலம் விசாரிக்கப் போகிற மாதிரிப் போய், மாத்திரையைக் காட்டுங்கக்கா என்று கேட்டு, மீதியை வாங்கி, கவரைக் கசக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டால் அப்புறம் யாருக்கு என்ன தெரியும். படிக்காதவள். தப்பாகச் சாப்பிட்டுவிட்டாள். இந்த மாதிரி ஆயிரம் நடக்கிறது. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் லைசென்ஸும், அதில் இருபத்தைந்து வயது ஆவுடைச்செல்வியின் போட்டோவும், ரெட்டைச்சடை, பயந்த கண். அது கடையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தது. அவளுக்குத் தன் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மேஜைமேல் கிடந்த அது ஒரு ஓரமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஏதோ போடக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. பேனாவைப் பிடுங்குவது போல் எடுத்து டிராயருக்குள் போட்டாள். ஷட்டரைப் பாதி இறக்கினாள். இருபத்திரண்டு வருஷத்தில் மதியத்தில் இறங்காத ஷட்டர். துரு உதிர்ந்து தலையில் கொட்டியது. வேப்பமரத்தடியில் ஆட்டோவுக்குள் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்த முப்பிடாதியை உலுக்கினாள். "வடக்குத் தெரு. சீக்கிரம்." அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்னக்கா, யாருக்கு?" என்றான். யாருக்கு என்று சொன்னாள், என்ன என்று சொல்லவில்லை.

வடக்குத் தெருவில் வெயில் மட்டும்தான் நடமாடியது. குருவம்மா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, தள்ளினால் திறந்தது. உள்ளே இருட்டு. கண் பழக நேரமெடுத்தது. பழகியபோது குருவம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் சீப்பு. பக்கத்தில் தரையில் கறுப்பும் நரையுமாக ஒரு சின்னக் குவியல், பூனைக்குட்டி சுருண்டு படுத்த மாதிரி. அது முடி. "சீவச் சீவக் கையோட வருது செல்வி," என்றாள் குருவம்மா, வாயைச் சரியாகத் திறக்காமல், சிரிக்கப் பார்த்து. "போன் அடிச்சுச்சு. எந்திரிக்க முடியல. நீயா?" உதட்டோரம் வெடித்திருந்தது. நீட்டிய கையில், முழங்கைக்குக் கீழே, யாரோ அடித்த மாதிரி நீலம் நீலமாக. யாரும் அடிக்கவில்லை. "மாத்திர எங்க வச்சிருக்கீங்கக்கா?" என்று கேட்டபோது தன் குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போல ஆவுடைச்செல்விக்குக் கேட்டது. குருவம்மா மாடத்தைக் காட்டினாள். விபூதித் தட்டுக்கு அடியில் கவர். எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். எழுத்து ஒன்றும் இல்லை. சிவப்பு மசி இல்லை. ஒரு சூரியன், நல்ல வட்டமாக, எட்டுக் கதிரோடு. அட்டையில் ஒன்பது குழி காலி, ஒரே ஒரு மஞ்சள் மாத்திரை பாக்கி. அவ்வளவுதான். இத்தனை நேரமும் எழுதியிருப்பாய், எழுதியிருப்பாய் என்று உள்ளே ஒருத்தி சொல்லிக்கொண்டே வந்தாளே, அவள் அங்கேயே வாயை மூடிக்கொண்டாள்.

"நாளு தவறாமப் போடுதேன்," என்றாள் குருவம்மா பின்னாலிருந்து. "காலைல எந்திரிச்சதும் முத வேல அதான். மூணா நாளே ஒடம்பு ஒரு மாதிரியா இருந்துச்சு. நிப்பாட்டிப் பாப்பமான்னு நெனச்சேன். பொறவு, செல்வி போட்டது தப்பா இருக்குமா, நம்ம ஒடம்புக்குத்தான் மருந்து ஒத்துக்கல, நாளானா சரியாயிரும்னு..." மேலே பேச முடியாமல் எச்சிலை விழுங்கினாள், விழுங்கியது முகத்தில் தெரிந்தது. ஆவுடைச்செல்வி கவரை மடித்தாள். நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், கட்டைவிரல் அளவு ஆகும்வரை மடித்து உள்ளங்கைக்குள் மூடினாள். "எந்திரிங்கக்கா. ஆஸ்பத்திரிக்குப் போணும்." "எதுக்கு?" "வாய்ப்புண்ணுக்கு." பேச்சித்தாயைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். இத்தனை உயரமான பொம்பளை, வெறும் சேலையைத் தூக்குகிற கனம்தான் இருந்தாள்.

தாலுகா ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டு கிலோமீட்டர். குருவம்மா அவள் தோளில் சாய்ந்திருந்தாள், மூச்சு அனலாகக் கழுத்தில் பட்டது. ஆட்டோவுக்கு ரெண்டு பக்கமும் கதவில்லை. வலது கை வெளிப்பக்கம் இருந்தது, அதற்குள் கவர். விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், மடித்த காகிதம் காற்றோடு ஓடைக்குள் போய்விடும், இத்தனை கருவேலமரத்துக்கு நடுவே அதை யார் தேடப் போகிறார்கள். மாத்திரை என்ன மருந்து என்று டாக்டரிடம் சொல்லத்தான் போகிறாள், எத்தனை நாள் என்று சொல்லத்தான் போகிறாள், வைத்தியத்துக்கு அது போதும். யார் சொல்லிச் சாப்பிட்டாள் என்பது வைத்தியத்துக்கு எதற்கு? கடை இல்லாவிட்டால் அந்தப் பதினோரு பேருக்கு இன்சுலின் எங்கே இருக்கும்? இப்படி ஒரு நியாயம் வந்து ஒட்டிக்கொண்டது, அது நல்ல நியாயமாகவும் இருந்தது. பாலம் வந்தது. கை வேர்த்துக் காகிதம் நனைந்துபோயிருந்தது. பாலம் போயிற்று. விரல் திறக்கவில்லை. திறக்காதது தானா, அதுவும் கையின் வேலைதானா என்று அவளுக்கு விளங்கவில்லை.

பணியில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண், கண்ணாடி போட்டவள். மருந்துப் பெயரையும் ஒன்பது நாளையும் ஆவுடைச்செல்வி சொன்னதுமே கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள், நர்ஸிடம் ரத்தம் எடுக்கச் சொன்னாள். "இதுக்கு மாத்து ஊசி இருக்கு. மொத ஊசி இங்கயே போட்டு, ஆம்புலன்ஸ்ல திருநெல்வேலிக்கு அனுப்புறேன். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா என் கையில ஒண்ணுமில்ல," என்றாள். ஊசி போட்டு, சலைன் ஏற்றிய பிறகு, சீட்டு எழுத உட்கார்ந்தாள். "வாரத்துக்கு ஒண்ணு போட வேண்டியத தெனமும் போடச் சொன்னது யாரு?" என்று கேட்டாள், தலையை நிமிர்த்தாமல். ஆவுடைச்செல்வி வாயைத் திறந்தாள். அதற்குள் கட்டிலிலிருந்து குருவம்மாவின் குரல் வந்தது. "யாரும் சொல்லலம்மா. இவ சரியாத்தான் சொன்னா. நான் எழுதப் படிக்கத் தெரியாதவ. நானாத்தான் மாத்திச் சாப்புட்டுட்டேன்."

டாக்டரின் பேனா அதை எழுதத் தொடங்கியது. ஆவுடைச்செல்வி கட்டிலைப் பார்த்தாள். குருவம்மா அவளைப் பார்க்கவில்லை, மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் தெரிந்திருக்கிறது. வாசல் வெளிச்சத்தில் கவரை மடித்த முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறாள், பதினெட்டு கிலோமீட்டரும் தோளில் சாய்ந்துகொண்டு தெரிந்தே வந்திருக்கிறாள். இப்போது சும்மா நின்றால் போதும். ஒரு நிமிஷம், பேனா அந்த வரியை முடிக்கிற நேரம். "இல்ல டாக்டர்," என்றாள். பேனா நின்றது. மடித்த கவரைப் பிரித்து, நனைந்து கிழியப் பார்த்ததை மேஜைமேல் நீவி வைத்தாள். "நான்தான் குடுத்தேன். நான்தான் மருந்துக்கடை. ஞாயித்துக்கெழம மட்டும்னு சீட்டுல இருந்துச்சு. அதுக்கு நான் இந்தப் படத்தப் போட்டுட்டேன். எங்க ஊருல இந்தப் படம்னா தெனம் காலைல." டாக்டர் கவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, எழுதியதை அடித்துவிட்டு, "உங்க பேரு, லைசென்ஸ் நம்பர்," என்றாள், மெதுவாகத்தான் கேட்டாள். ஆவுடைச்செல்வி இரண்டையும் சொன்னாள். சொல்லும்போது நாக்கு தடுமாறவில்லை. மதியத்திலிருந்து உள்ளே சுற்றிக்கொண்டே இருந்தது ஒன்று அடங்கியது.

ஆம்புலன்ஸ் வர அரைமணி ஆகும் என்றார்கள். கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். குருவம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள். கோபமாக இருக்கும் என்று ஆவுடைச்செல்வி நினைத்தாள், கோபம் என்றால் நல்லது என்றுகூட நினைத்தாள். சலைன் சொட்டுகிறதைப் பார்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வராமலே, "மன்னிச்சிருங்கக்கா," என்றாள். குருவம்மா தலையைத் திருப்பினாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. இருட்டில் நடக்கிறவர்கள் அடுத்த அடி வைக்குமுன் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை இருந்தது, இருபத்திரண்டு வருஷத்தில் கடைக்கு வந்த ஒருத்தர் முகத்திலும் அவள் கண்டிராதது. வெந்த உதட்டை நனைத்துக்கொண்டு, வேறு யாருக்கும் கேட்காமல், குருவம்மா கேட்டாள்: "அப்ப மத்தவங்களுக்குப் போட்டதெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கியா, செல்வி?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு கவராக மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். எதுவும் தெரியவில்லை.

"தெரியலக்கா," என்றாள். "போய்த்தான் பாக்கணும்."